துண்டுபட்ட சோலைகளில் சிங்கவால் குரங்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

குரங்கு என்றவுடன் மதுரைவாசிகளாகிய நமக்கு நினைவுக்கு வருவது அழகர்கோயில்தான். மலையேறும் வழியில் கையிலிருக்கும் தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடும் நாட்டுக் குரங்கைப் பார்த்துப் பழகிய நம்மிடம், "குரங்கினம் அருகி வருகிறது" என்று எவரேனும் கூறினால் சிரிப்போம். ஆனால் குரங்கு என்பது ஓரினம் அன்று. தொல்காப்பிய மரபியலே குரங்கு, முசு, ஊகம் என மூன்றைப் பிரித்துக் கூறி, அவற்றின் பெண்ணுக்கு மந்தி என்ற பெயரை வழங்குகிறது. நாட்டுக் குரங்கு எதையும் தின்னும், எங்கும் வாழும். கோயில், சந்தை, இரயில் நிலையம் எல்லாம் அதற்கு ஒன்றே. காட்டை விட்டால் வேறு போக்கிடமில்லாத இனங்களும் உண்டு. அவற்றுள் தலையாயது சிங்கவால் குரங்கு. சோலைமந்தி என்றும் இதனை அழைப்பர்.

உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இக்குரங்கு இயற்கையாக வாழவில்லை. தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் மழைக்காடுகளே அதன் உலகம். கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரிமயிர், நுனியில் குஞ்சம் வைத்த வால் ஆகியவை இதன் அடையாளங்கள். பிடரியைக் கண்டு சிங்கம் என்று பெயர் வைத்தார்கள் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பெயர் வாலால் வந்தது. காடுகளில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ நான்காயிரம் என மதிப்பிடுகின்றனர். நம் வில்லாபுரத்தில் சில தெருக்களின் மக்கள்தொகை அவ்வளவு இருக்கும்.

இவ்வினம் அருகியதற்கு வேட்டையும் ஒரு காரணம் என்றாலும், முதற்காரணம் காடு துண்டுபட்டதே. காடு அழிவது வேறு, துண்டுபடுவது வேறு. ஒரு வேட்டியில் பாதியைக் கிழித்து எடுத்துவிட்டாலும் மீதிப் பாதியை உடுத்தலாம். அதே அளவு துணியை இருபது கைக்குட்டைகளாகக் கொடுத்தால் என்ன செய்வது? காட்டின் கதையும் இதுவே.

ஆனைமலையிலுள்ள வால்பாறைப் பீடபூமி இதற்குச் சரியான சான்று. 1890களில் ஆங்கிலேயர் அங்கே தோட்டப் பயிரைத் தொடங்கினர். அடுத்த சில பத்தாண்டுகளில் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் மழைக்காடு வெட்டப்பட்டுத் தேயிலையும் காப்பியும் வந்தன. வெட்டாமல் விட்ட இடங்கள் பச்சைக் கடலில் தீவுகளைப் போல் நின்றுவிட்டன. இத்தகைய சோலைத் துண்டுகள் நாற்பதுக்கும் மேல் உள்ளன. சில துண்டுகள் ஓரிரு ஹெக்டேரே இருக்கும். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்பவர்களுக்கு அந்தப் பசுமை கண்ணுக்கு விருந்து. குரங்கின் கண்ணுக்கு இடுப்பளவு தேயிலைச் செடி மரமற்ற வெளியாகத்தான் தெரியும்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் நம் சமவெளி மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்களே. என் அத்தை ஒருவர் முப்பது ஆண்டுகள் அங்கே கொழுந்து கிள்ளிவிட்டு, இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். சிங்கவால் குரங்கைப் பற்றிப் பாடத்தில் படித்ததாகச் சொன்னபோது அவர் சொன்னது இது: "அதுக்கென்னப்பா, சாமியாரு மாதிரி தாடி வச்சிக்கிட்டு வரும். லைன் வீட்டுக் கதவச் சரியாச் சாத்தலைன்னா சோத்துச் சட்டிய உருட்டிப்பிடும்." மழைக்காட்டின் உச்சிக் கிளையில் வாழ வேண்டிய விலங்கு தொழிலாளியின் சோற்றுச் சட்டிக்கு எப்படி வந்தது என்பதே என் கேள்வியாயிற்று.

1967இல் மெக்ஆர்தர், வில்சன் என்னும் இருவர் தீவுகளின் உயிரினங்கள் குறித்து ஒரு கோட்பாட்டை நூலாக வெளியிட்டனர். தீவு சிறியதாகவும் பிற நிலப்பகுதிகளிலிருந்து தொலைவிலும் இருந்தால் அங்கே உயிரினங்களின் எண்ணிக்கை குறையும் என்பது அதன் சாரம். கடல் தீவுக்குச் சொன்னது காட்டுத் தீவுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது.

முதலில் உணவைப் பார்ப்போம். சிங்கவால் குரங்கு பழமும் விதையும் பூச்சியும் தின்பது. வெடிப்பலா, அத்தி வகைகள், பலா என்று ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு பருவத்தில் பலன் தரும். பெரிய காட்டில் ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று இருக்கும். சிறு துண்டில் சில மாதங்கள் வெறுமையாகிவிடும். மேலும், துண்டின் ஓரங்களில் வெயிலும் காற்றும் புகுவதால் பெருமரங்கள் சாய்கின்றன. துண்டு சிறுத்தால் ஓரமே மிகுதி, நடுக்காடு கொஞ்சம். இலை தின்னும் கருமந்தி, அதாவது நீலகிரி லங்கூர், இத்தகைய துண்டுகளில் ஓரளவு சமாளிக்கிறது. இலைக்குப் பஞ்சமில்லை அல்லவா!

அடுத்தது இனப்பெருக்கம். இது சற்று நுட்பமானது. இக்குரங்குகள் பெரும்பாலும் பத்து முதல் இருபது உறுப்பினர் கொண்ட கூட்டமாக வாழ்கின்றன. பெரும்பாலான கூட்டங்களில் முதிர்ந்த ஆண் ஒன்றே இருக்கும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். பெண் வீட்டோடு மாப்பிள்ளை செல்லும் வழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போக்குவரத்தே கூட்டங்களுக்கிடையே மரபணுக்களைக் கலக்கிறது. நடுவில் ஐந்து கிலோமீட்டர் தேயிலை இருந்தால் மாப்பிள்ளை எப்படி வருவார்? பழைய ஆணே நீடிக்கும். அதன் மகள்கள் பருவமடைந்த பின்னும் வேறு ஆண் வராது. உட்கலப்பு தொடங்கிவிடும்.

இத்துடன் தற்செயலும் சேர்கிறது. பெண் குரங்கு ஆறு வயதையொட்டித்தான் முதற்குட்டி ஈனுகிறது. பின்னர் இரண்டரை, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டி. ஒரு கூட்டத்தில் ஆறு பெண்கள் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு குட்டிகளே பிறக்கும். அடுத்தடுத்து நான்கு குட்டிகளும் ஆணாகவே பிறக்க வாய்ப்பு எவ்வளவு? நாணயத்தை நான்கு முறை சுண்டி நான்கிலும் தலை விழுவதற்கான வாய்ப்புத்தான், பதினாறில் ஒன்று. பெரிய காட்டில் இது பக்கத்துக் கூட்டங்களால் சரியாகிவிடும். தனித்த சோலையிலோ அந்த ஒரு தற்செயலே ஒரு தலைமுறைத் தாய்களை இல்லாமற் செய்துவிடும்.

இவ்வளவும் படித்த பின் வால்பாறை நகரையொட்டிய புதுத்தோட்டம் சோலையின் செய்தி வியப்பளிக்கும். நூறு ஹெக்டேருக்கும் குறைந்த அத்துண்டில் 1990களில் சில பத்துக் குரங்குகளே இருந்தன. இன்று அவை நூற்றைம்பதைத் தாண்டிவிட்டன. கோட்பாடு பொய்த்ததா? இல்லை. வெளியேற வழியற்ற கூட்டங்கள் அங்கேயே பெருகியுள்ளன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து காப்பிக்கு நிழலாக நட்ட மேசாப்சிஸ் மரத்தின் பழம், கொய்யா, குப்பைத் தொட்டி, வீட்டுச் சமையலறை ஆகியவற்றால் அவை உயிர் வாழ்கின்றன. தரையில் நடக்கவும் சாலையைக் கடக்கவும் பழகிவிட்டன. வாகனங்களில் அடிபட்டு இறக்கவும் செய்கின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்வது, கடன் வாங்கிக் கல்யாணம் செய்தவன் வீட்டுப் பந்தலைப் பார்த்து வசதி என்பதற்கு ஒப்பாகும். என் அத்தையின் சோற்றுச் சட்டிக்கும் விடை இதில்தான் உள்ளது. குரங்கின் மீது தொழிலாளிக்கு வரும் கோபத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று, நட்டம் அவருடையது.

செய்யப்படும் முயற்சிகளும் உண்டு. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் என்னும் அமைப்பு வனத்துறையுடன் சேர்ந்து சாலையின் இருபுறத்து மரங்களையும் இணைத்து, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு தொங்கு பாலங்கள் அமைத்தது. குரங்குகள் அவற்றில் நடந்து செல்கின்றன. வாகனங்களை மெதுவாகச் செல்லச் சொல்லக் காவலர்களும் நிறுத்தப்பட்டனர். இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல், சிதைந்த துண்டுகளில் மண்ணின் மரக்கன்றுகளை நட்டும் வருகின்றனர். பிரேசில் நாட்டில் பொன்னிறச் சிங்கக் குரங்குகளுக்காக நெடுஞ்சாலை மீது மரம் வளர்த்த பாலமே 2020இல் கட்டினார்கள். பாலம் சாலையைத்தான் தாண்ட வைக்கும். ஐந்து கிலோமீட்டர் தேயிலையைத் தாண்ட வைக்காது. அதற்குத் தோட்டங்களின் நடுவே மரவரிசைகள் வேண்டும். நிலம் தோட்டக்காரருடையது என்பதால் அவருடைய சம்மதமும் வேண்டும்.

இவ்விலங்குக்காக அரசு இறங்கி வந்ததும் உண்டு. களக்காடு சரணாலயம் 1976இல் இதன் பொருட்டே அமைந்தது. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் பெரும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டு, அது 1984இல் தேசியப் பூங்காவாயிற்று. அப்போராட்டத்தின் சின்னமே சிங்கவால் குரங்குதான்.

இவையெல்லாம் எங்கோ தொலைவில் என்று எண்ண வேண்டாம். நம் வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகளையொட்டிய மேகமலையிலும் தேயிலைத் தோட்டங்களின் நடுவே சோலைகள் துண்டு துண்டாக நிற்கின்றன. அவற்றில் சிங்கவால் குரங்குகள் உள்ளன. 2021இல் அப்பகுதி திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமாகியுள்ளது. நம் துறைச் சுற்றுலா ஆண்டுதோறும் கொடைக்கானலுக்கே சென்று வருகிறது. அடுத்த ஆண்டு சின்னமனூர் வழியாக மேகமலைக்குச் செல்லலாம் என்று எங்கள் வகுப்பினர் பேராசிரியரிடம் விண்ணப்பித்துள்ளோம்.