தளர்ந்த இருதயமும் ஆயுளும்

இருதயம் செயலிழந்துவிட்டது என்று வைத்தியர் கூறக் கேட்ட மாத்திரத்தில், நோயாளியின் வீட்டார் எல்லாம் முடிந்துவிட்டதெனக் கலங்குகின்றனர். இருதயம் நின்றுவிட்டது என்பது அதன் பொருளன்று. உடலுக்கு வேண்டிய அளவு குருதியைச் செலுத்தும் வலிமை அதற்குக் குறைந்துவிட்டது என்பதே பொருள். அதனால் கால்கள் வீங்குகின்றன. நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகின்றது. இதனைத் தொய்வென்று எண்ணி மாதக்கணக்கில் நாட் கடத்துவாரும் நம்மூரில் உளர்.

நோய் எளியதன்று. அது கண்டவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஐந்தாண்டுகளுக்குள் இறக்கின்றனர் என மேலைநாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. ஆயினும் அது பலரைச் சேர்த்தெடுத்த கணக்கு. தனியொருவரின் நாளை அது குறித்துச் சொல்லமாட்டாது. வயது, சிறுநீரகத்தின் நிலை, நோய்க்கு மூலகாரணம், எத்தனை முறை வைத்தியசாலையிற் படுக்க நேர்ந்தது என்பனவெல்லாம் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. இளமையில் வந்த வாதக்காய்ச்சலால் வால்வு பழுதுற்றவருக்குச் சத்திரசிகிச்சை புதுவாழ்வு தருதலும் உண்டு.

மருந்தின் பயனை ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். 1987ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்கந்திநேவிய ஆய்வொன்றில், நோய் மிக முற்றியவருள் வெற்றுக்குளிகை பெற்றோரில் நூற்றுக்கு 44 பேர் ஆறு மாதத்துள் இறந்தனர். எனலாபிரில் பெற்றோரில் இறந்தவர் 26 பேரே. அதன் பின்னரும் மேலான மருந்துகள் பல வந்துள்ளன.

இனி நாம் அஞ்சுவது யாதெனில், வீக்கம் வடிந்ததும் 'சுகமாகிவிட்டது' என்று குளிகையை நிறுத்தும் வழக்கமே. 2018இல் வெளியான லண்டன் ஆய்வில், இருதயத் தசைநோயிலிருந்து முற்றும் தேறியவர் 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தனர். ஆறு மாதத்துள் 11 பேருக்கு நோய் மீண்டது. தொடர்ந்து உண்ட 26 பேரில் ஒருவருக்கேனும் மீளவில்லை. தேறியது மருந்தினால்; நோய் அகன்றதனாலன்று.

வேலணையிலிருப்போர் பண்ணைப் பாலத்தைக் கடந்தால் யாழ்ப்பாணம் வைத்தியசாலையை அடைவர். நெடுந்தீவாருக்கோ குறிகட்டுவான்வரை படகு வேண்டும்; கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆதலின் தீவகத்து நோயாளி இரண்டு கிழமைக் குளிகையேனும் மேலதிகமாக வீட்டில் வைத்திருத்தல் வேண்டும். நாடோறும் காலையில் நிறை பார்த்து எழுதுக. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறின், மூச்சு முட்டும்வரை காத்திராது அன்றே வைத்தியரிடம் செல்க. கருவாடும் ஊறுகாயும் உப்பின் களஞ்சியங்கள். கருவாடின்றிக் கூழா எனக் கேட்பார்க்கு, புதுமீன் போட்டும் காய்ச்சலாம் என்போம்.