வாள்முனைப் பயணம் – 9: மூன்று நிமிடம்

டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்தில் எஸ்-11 புறநகர் ரயிலைப் பிடித்தால் ரைன் நதியைத் தாண்டி, நொய்ஸ் நகரைக் கடந்து, அரை மணி நேரம் போல ஓடி டோர்மாகனில் இறக்கிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஒரு தாலுகா தலைநகர் அளவு ஊர். ஒரு பக்கம் பாயர் நிறுவனம் வளர்த்த ரசாயனத் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் சோன்ஸ் என்ற பழைய சுங்கக் கோட்டை, மதிலும் காவல்கோபுரமும் அப்படியே நிற்கின்றன. வருஷத்தில் சில நாட்கள் இந்த ரயிலில் வேறுவிதமான பயணிகள் ஏறுவார்கள். பதினாறு, பதினெட்டு வயசுப் பிள்ளைகள். முதுகில் ஒரு தம்புராவையே படுக்கவைக்கலாம் போல நீளமான பை. டோர்மாகனில் நடக்கும் ஜூனியர் உலகக் கோப்பை சேபர் வாள்வீச்சுப் போட்டிக்குப் போகிறவர்கள்.

2019 ஜூனில் ஐரோப்பிய வாள்வீச்சு சாம்பியன் போட்டி டுசல்டோர்ஃபில் நடந்தது. ஒலிம்பிக் பதக்கக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அது பெரிய திருவிழாதான். ஆனால் இந்த வட்டாரத்தின் வாள்வீச்சைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், ஆரவாரம் இல்லாத இந்தப் பிள்ளைகள் போட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நிமிடத்தைக் கவனியுங்கள். கையுறைக்குள் தொடங்கும் ஒரு வயர், சட்டைக்குள் புகுந்து முதுகுப்பக்கம் வெளியே தலைநீட்டும். மேடை ஓரத்தில் இருக்கும் சுருள்பெட்டியின் கம்பியை அதோடு மாட்டுவார்கள். பிள்ளை முன்னே பாய்ந்தால் கம்பி நீளும். பின்வாங்கினால் தானே சுருண்டுகொள்ளும். மேலே போட்டிருப்பது உலோக இழை நெய்த சட்டை. சேபரில் மணிக்கட்டுக்குக் கீழுள்ள கை தவிர, இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் புள்ளி, தலையும் சேர்த்து. அதனால் முகமூடியிலும் மின்சாரம் ஓட வேண்டும். இரண்டு பேரும் நெருங்கி வந்து, ஒருவர் முகமூடியை மற்றவர் வாளால் மெல்லத் தட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். எரிந்தால் பின்னால் நகர்ந்து, முகமூடியைக் கழற்றி, வாளை முகத்துக்கு நேரே உயர்த்தி வணக்கம். எதிராளிக்கு, நடுவருக்கு, பார்க்க வந்தவர்களுக்கு. அப்புறம் பதினான்கு மீட்டர் நீள மேடையில், முதல் சுற்றில், ஐந்து புள்ளிக்கான ஆட்டம். சேபர் வேகமான ஆயுதம். சில ஆட்டங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் முடிந்துவிடும்.

இளைஞர்கள் வாளெடுத்து நிற்பது ஜெர்மனிக்குப் புதிதில்லை. டுசல்டோர்ஃபில் பிறந்த கவிஞர் ஹைன்ரிக் ஹைன, 1821-இல் சக மாணவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்த விவகாரத்தில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு மாதம் விலக்கிவைக்கப்பட்டார். அவர் காலத்து மாணவர் சங்கங்களில் வாள்சண்டை ஒரு சடங்காகவே இருந்தது. பின்னாளில் அது இறுகி, காலை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே நின்று, முகத்தில் விழும் வெட்டைத் தாங்குவது ஆண்மை என்று ஆனது. கன்னத்துத் தழும்பைக் காட்டிப் பெண் கேட்டவர்கள், வேலை வாங்கியவர்கள் உண்டு. விழுப்புண்ணைப் புகழாகக் கொண்ட நமக்கு அந்த மனசு புரியாததில்லை. ஆனால் விழுப்புண் போர்க்களத்தில் வருவது. இது பத்தொன்பது வயசுப் பையன்கள் வேண்டுமென்றே வாங்கிக்கொண்டது. விளையாட்டு வாள்வீச்சு இதிலிருந்து பிரிந்து தனியாக வளர்ந்தது, நல்லவேளையாக.

அந்த விளையாட்டிலும் பிள்ளைகளுக்கென்று நெடுநாள் இடமே இல்லை. சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பு 1913-இல் பாரிஸில் பிறந்தது. சென்ற வாரம் பார்த்த ஜெர்மன் வீராங்கனை ஹெலன் மேயர் 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக் தங்கம் வென்றபோது வயசு பதினேழு. அவர் தன் வயசுக்காரிகளோடு மோதி வளரவில்லை. எடுத்த எடுப்பிலேயே பெரியவர்களோடுதான். அப்படி வளர மேயரைப் போல ஒரு அபூர்வப் பிறவியாக இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் வழியிலேயே உதிர்ந்துபோவார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், வென்ற நாடுகள் ஜெர்மனியில் ராணுவ வாடை வீசும் விளையாட்டுகளைத் தடை செய்தன. அந்தப் பட்டியலில் துப்பாக்கி சுடுதலோடு வாள்வீச்சும் இருந்தது. தடை நீங்கி ஜெர்மன் சங்கம் மறுபடி தலைதூக்கிய காலமும், இருபது வயசுக்குட்பட்டவர்களுக்கு உலக அளவில் போட்டி வேண்டும் என்று சர்வதேசக் கூட்டமைப்பு அதை முறைப்படுத்திய காலமும் ஏறக்குறைய ஒன்று: 1950-கள். பத்து வருஷம் முன்னால் இவர்களுடைய அப்பாக்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள். பிள்ளைகள் வாளோடு நின்று, ஆட்டம் முடிந்ததும் கையுறை போடாத கையை நீட்டிக் குலுக்கினார்கள். ஆட்டம் முடிந்தால் கை கொடுத்தே ஆக வேண்டும் என்ற வழக்கத்தை இந்த விளையாட்டு நெடுநாள் அவ்வளவு பிடிவாதமாகக் காத்ததன் அருமை எனக்கு இங்கேதான் உறைத்தது.

பிற்பாடு பதினேழு வயசுக்குட்பட்ட ‘கேடட்’ பிரிவும் வந்து சேர்ந்தது. இப்போது பதின்மூன்று வயசு நிரம்பினால் உலகப் போட்டிக்குப் போகலாம்.

பதின்மூன்று வயசுப் பிள்ளையை வாள்முனைக்கு நேரே நிறுத்த எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்கள்? அதற்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. 1982-இல் ரோமில் உலகச் சாம்பியன் போட்டி. சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவும் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேரும் மோதிக்கொண்டிருந்தபோது பேரின் வாள் முறிந்தது. முறிந்த முனை ஸ்மிர்னோவின் முகமூடி வலையைத் துளைத்துக் கண் வழியாக மூளைக்குள் இறங்கியது. ஒலிம்பிக் தங்கம் வென்றவர் சில நாட்களில் இறந்துபோனார். அதன்பின் வாளுக்கு விசேஷ எஃகு வந்தது, முகமூடி வலை கெட்டியானது, சட்டைத் துணி 800 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்று விதி வந்தது. இன்று டோர்மாகனில் ஒரு தாய் தன் மகளின் சட்டை ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு நிம்மதியாகப் பார்வையாளர் வரிசையில் போய் உட்காருகிறாள் என்றால், அந்த நிம்மதி ரோமில் வாங்கப்பட்டது.

மகள் என்றேன். சேபரில் மகள்களுக்கு இடம் கிடைத்ததே சமீபத்தில்தான். பெண்கள் சேபர் 1999-இல்தான் உலகச் சாம்பியன் போட்டியில் முறைப்படி சேர்ந்தது. ஒலிம்பிக்கில் 2004, ஏதென்ஸ். அங்கே தங்கம் வென்ற அமெரிக்காவின் மாரியல் சகூனிஸுக்கு வயசு பத்தொன்பது. நைஜீரியா தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர்.

அதே 2004. வடசென்னையில் முருக தனுஷ்கோடி பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஒவ்வொரு விளையாட்டுக்கும் வகுப்புக்கு ஆறு பேர் என்று பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமியின் முறை வந்தபோது மற்ற விளையாட்டுகள் எல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது வாள்வீச்சு. அந்தச் சிறுமிதான் பவானி தேவி. செலவு அதிகமாகும், அப்பாவுக்கு வருஷ வருமானம் எவ்வளவு என்று கேட்டார்களாம். கோயில் அர்ச்சகரின் மகள், உள்ளதைச் சொன்னால் சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து கூட்டிச் சொன்னதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பயிற்சி மூங்கில் குச்சியில். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மின்வாள் போட்டியன்றுதான் வெளியே வரும். முறிந்தால் இன்னொன்றுக்கு எங்கே போவது?

முதல் சர்வதேசப் போட்டி துருக்கியில், பதினான்கு வயசில். மூன்று நிமிடம் தாமதமாக வந்தார். நடுவர் கறுப்பு அட்டையைக் காட்டினார். கறுப்பு அட்டை என்றால் வெளியே. முழுப் போட்டியிலிருந்தும்.

விதி என்னவோ விதிதான். மேடைக்கு வராதவரை ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை அழைப்பார்கள். அப்புறமும் ஆள் இல்லையென்றால் நீக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு மனசில் தைப்பது வேறு. எந்த மேடை, எத்தனை மணி, எப்போது ஆயுதப் பரிசோதனை, அழைப்பு எந்தத் திசையிலிருந்து வரும் – இதெல்லாம் புத்தகம் படித்து வருகிற அறிவு கிடையாது. ரயில்வே பிளாட்பாரத்தில் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று தினமும் போகிறவனுக்குத் தெரிவதுபோல, பத்துப் போட்டி பார்த்த பிள்ளைக்குக் கால் தானே அங்கே போகும். முதல் போட்டியே கடல் கடந்து என்றால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

டோர்மாகன் பிள்ளைகளுக்கு அது ஓசியில் கிடைக்கிறது. உலகத்தின் சிறந்த ஜூனியர்கள் வருஷாவருஷம் அவர்கள் ஊர் அரங்கத்துக்கே வந்து நிற்கிறார்கள். எட்டு வயசில் ஓரமாக நின்று பார்க்கலாம். பதினாறு வயசில் அதே மேடையில் ஏறும்போது அது அந்நிய இடமாக இருக்காது. வீட்டுத் திண்ணை மாதிரி. இந்தச் சின்ன ஊர்க் கிளப்பில் வளர்ந்த நிகோலாஸ் லிம்பாக் 2009-இல் அண்டால்யாவில் சேபர் உலகச் சாம்பியன் ஆனார். 2014-இல் கஸானில் ஜெர்மன் அணி தங்கம் வென்றபோது அவரோடு நின்றவர்களில் ஒருவர் இதே கிளப்பின் மாக்ஸ் ஹார்டுங். நல்ல பயிற்சி, பாயர் நிறுவனத்தின் பணபலம் எல்லாம் காரணம்தான். ஆனாலும் வீட்டு வாசலுக்கு உலகம் வந்துபோகிற ஊரில் வளர்ந்த தெம்பு தனி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜூனியர், கேடட் உலகச் சாம்பியன் போட்டி நடந்த ஊர்களைப் பாருங்கள். தென்கொரியாவின் தேபெக் 2006-இல், அம்மான் 2011-இல், தாஷ்கண்ட் 2015-இல், துபாய் 2022-இல், ரியாத் 2024-இல், சீனாவின் வூஷி 2025-இல். ஐரோப்பாவின் சொத்தாக இருந்த போட்டி ஆசியாவுக்குள் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இந்தியாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. சர்வதேச அரங்கங்கள் கொண்ட சென்னை, செஸ் ஒலிம்பியாடை 2022-இல் மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டிய தமிழ்நாடு, ஒரு ஜூனியர் உலகக் கோப்பையை அழைக்க முடியாதா? உலகச் சாம்பியன் போட்டியளவுக்குக்கூட வேண்டாம். டோர்மாகன் நடத்துகிற அளவுக்கு ஒன்று. மூங்கில் குச்சியோடு பழகும் நம் பிள்ளைகள் அரங்க ஓரத்தில் நின்று பார்க்க அது போதும்.

பவானி தேவி அந்த அட்டையோடு வாளைக் கீழே வைத்துவிடவில்லை. தலச்சேரி பயிற்சி மையம், அம்மா அடகு வைத்த நகைகள், பின்னர் இத்தாலியில் லிவோர்னோ என்று நீண்ட தூரம் போனார். 2021 ஜூலை 26, டோக்கியோ. ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியாவின் முதல் ஆள். எதிரே துனிசியாவின் நாதியா பென் அஸீஸி. இடைவேளையின்போது 8-0. முடிவில் 15-3. அடுத்த ஆட்டத்தில் பிரான்ஸின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 என்று தோற்றார். ப்ரூனே அன்று வெண்கலம் வென்றார். அப்போது பவானிக்கு இருபத்தேழு. துருக்கி அரங்கத்தின் வாசலில் மூச்சிரைக்க வந்து நின்ற நாளிலிருந்து பதின்மூன்று வருஷம் கழிந்திருந்தது.

(தொடரும்)