மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சிறிய டிரெய்லர்: எதைப் பார்த்து வாங்குவது?

பதிவெண் பெறாத டர்ட் பைக்கையும் பந்தய பைக்கையும் பொதுச் சாலையில் ஓட்டிச் செல்ல முடியாது. பாலைவனத் தடத்துக்கோ பந்தயத் திடலுக்கோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவில் சாலையில் ஓடும் பைக் வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தேவை வருகிறது. தெற்கு டகோட்டா மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் 1938இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் திருவிழா இன்றும் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. குடும்பத்தோடு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருபவர்களில் பலர் பைக்கைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்து, மலைச்சாலை தொடங்கும் இடத்தில் இறக்கி ஓட்டுகிறார்கள். ஓர் அச்சு, இரண்டு சக்கரம், ஒன்று அல்லது இரண்டு பைக் நிற்கும் அளவுக்கு ஒரு தளம்: இந்தச் சிறிய டிரெய்லர்கள் இதற்காகவே செய்யப்படுகின்றன.

கடைக்குப் போனதும் கண்ணில் படுவது டிரெய்லரின் நீள அகலமும் விலையும். ஆனால் கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் வீட்டில் நிற்கும் கார். ஒவ்வொரு காருக்கும் அது இழுக்கக்கூடிய எடையை உற்பத்தியாளர் கையேட்டில் சொல்லியிருப்பார். பெட்ரோலில் மட்டும் ஓடும் ஹோண்டா சிஆர்-வி காருக்கு அமெரிக்காவில் அந்த வரம்பு 1,500 பவுண்டு, சுமார் 680 கிலோ. சில செடான் கார்களின் கையேட்டில் எதையும் இழுக்கக் கூடாது என்றே எழுதியிருக்கும். அதே கார் ஐரோப்பாவில் கூடுதல் எடையை இழுக்க அனுமதி பெற்றிருப்பதும் உண்டு. அங்கே டிரெய்லர் இழுக்கும் கார்களுக்கு வேக வரம்பு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே கார் ஓடும் நாட்டின் கையேட்டில் உள்ள எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பைக்கின் எடை. டர்ட் பைக் என்றால் பெரும்பாலும் 100 முதல் 120 கிலோ. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் பெட்ரோல் நிரம்பிய நிலையில் 249 கிலோ. நெடும்பயணத்துக்கான ஹோண்டா கோல்டு விங், ஹார்லி-டேவிட்சன் ஸ்ட்ரீட் கிளைடு போன்றவை 370, 380 கிலோவைத் தொடும். 680 கிலோ வரம்புள்ள காரில் 380 கிலோ பைக்கை இழுத்தால் டிரெய்லருக்கு மிஞ்சுவது 300 கிலோ. 200 கிலோவுக்குள் அடங்கும் மடக்கு டிரெய்லர் இதில் தாராளமாகப் பொருந்தும். யூ-ஹால் நிறுவனம் வாடகைக்குத் தரும் 5 அடிக்கு 9 அடி மோட்டார் சைக்கிள் டிரெய்லர் காலியாகவே 400 கிலோவுக்குச் சற்று மேல். பைக்கை ஏற்றும்போதே வரம்பு தாண்டிவிடும். முரட்டுக் கையாளலைத் தாங்க வேண்டும் என்பதால் வாடகை டிரெய்லர்களைக் கனமாகவே கட்டுகிறார்கள். சிறிய கார் வைத்திருப்பவர் சொந்தமாக வாங்குவதற்கு இந்த எடை வித்தியாசமே போதுமான காரணம்.

டிரெய்லரின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்த எடை வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். அதிலிருந்து டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய சுமை. பல அமெரிக்க டிரெய்லர்களில் அந்தத் தகடு 2,990 பவுண்டு என்று சொல்லும். அடியில் இருக்கும் அச்சோ 3,500 பவுண்டு தாங்கக்கூடியதாக இருக்கும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தொட்டாலே டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதால் உற்பத்தியாளர்கள் பத்து பவுண்டு குறைத்து நிறுத்திக்கொள்கிறார்கள். அச்சின் திறனைப் பார்த்துச் சுமையைக் கணக்கிடுவது தவறு; சட்டப்படி செல்லுபடியாவது தகட்டின் எண்தான். இரண்டு டயர்களும் சேர்ந்து தாங்கும் எடையும், டிரெய்லரின் முன்முனையில் உள்ள கப்ளர், காரில் உள்ள ஹிட்ச், பந்து ஆகியவற்றில் பொறித்த வரம்பும் அந்த எண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இவற்றில் எது மிகச் சிறியதோ அதுவே மொத்தத்தின் வரம்பு.

எடை பொருந்திவிட்டால் மட்டும் டிரெய்லர் நேராக ஓடிவிடாது. மொத்த எடையில் எவ்வளவு காரின் கொக்கி மீது இறங்குகிறது என்பதே அதை நிலையாக வைக்கிறது. அமெரிக்க வழக்கப்படி இந்தக் கொக்கிப் பாரம் மொத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லரின் வால் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையே திருப்பிவிடும். மிதமிஞ்சினால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்.

சிறிய டிரெய்லரில் இந்தப் பாரத்தைத் தீர்மானிப்பது பைக் நிற்கும் இடம்தான். காலி எடை 200 கிலோ, அதில் கொக்கிப் பாரம் 20 கிலோ, கொக்கியிலிருந்து அச்சு வரை 2.5 மீட்டர் என்று ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்ளலாம். அதில் 380 கிலோ பைக்கை ஏற்றினால் மொத்தம் 580 கிலோ. கொக்கிப் பாரம் 58 கிலோவிலிருந்து 87 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பைக்கின் எடை மையம் அச்சுக்கு அரை அடி முன்னால் இருந்தால் கொக்கியில் இறங்குவது 43 கிலோ. ஆட்டம் காணும் அளவு. ஓர் அடி முன்னால் நகர்த்தினால் 66 கிலோ. ஒன்றரை அடி என்றால் 89. 680 கிலோ இழுக்கும் கார்களில் கொக்கி தாங்கும் பாரம் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கான 68 கிலோதான் என்பதால், இந்த ஏற்பாட்டில் சரியான இடம் ஏறக்குறைய ஒன்றே ஒன்று. ஆகவே முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தாங்கியை முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்ட முடிகிற டிரெய்லரையே தேர்ந்தெடுக்க வேண்டும். தாங்கியை ஓரிடத்தில் பற்றவைத்த மலிவு டிரெய்லர் அதற்கென்றே அளந்த பைக்குக்குச் சரி. நாளை வேறு பைக் வாங்கினால் அதோடு டிரெய்லரும் மாற வேண்டியிருக்கும்.

இந்தப் பாரத்தை அளக்க எடை மேடை தேவையில்லை. குளியலறைத் தராசே போதும். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரில் மாட்டும் அதே உயரத்தில் கப்ளர் வரும்படி தராசின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி அதில் இறக்கினால் கிலோ தெரிந்துவிடும். பைக்கைக் கட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். இடம் சரியாக அமைந்ததும் தளத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவைத்தால் அடுத்த முறை அளக்கும் வேலை மிச்சம்.

இரண்டு பைக் ஏற்றுவோர் கைப்பிடிகளின் அகலத்தைப் பார்க்க வேண்டும். 5 அடி அகலத் தளத்தில் இரண்டு டர்ட் பைக்கின் டயர்கள் எளிதாக நிற்கும்; கைப்பிடிகள் மோதிக்கொள்ளும். ஒன்றைச் சற்று முன்னும் மற்றதைச் சற்றுப் பின்னும் வைத்தோ, ஒன்றை எதிர்த்திசையில் திருப்பியோ சமாளிக்கலாம். கனத்த பைக்கை முன்னால் வைக்க வேண்டும். ஒரே பைக்தான் என்றால் அது தளத்தின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். ஓரத் தடத்தில் நிறுத்தினால் ஒரு டயரே முக்கால்வாசி எடையைச் சுமக்கும்.

விலை குறைந்த டிரெய்லர்கள் எங்கே மிச்சம் பிடிக்கின்றன என்பது சக்கரத்தில் தெரியும். 8 அங்குல விளிம்பில் மாட்டிய டயரின் வெளி விட்டம் சுமார் 16.5 அங்குலம். மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 முறை சுற்றும். அதே வேகத்தில் கார் டயர் சுற்றுவது 800 முறைதான். கூடுதல் சுற்று பேரிங்கைச் சூடாக்கி கிரீஸை உருக்கும். சின்னச் சக்கரம் சாலைப் பள்ளத்தில் முழுதாக இறங்கி அடிபடும். ஊருக்குள் மெக்கானிக் கடை வரை போய்வர 8 அங்குலம் போதும். நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவர் 12 அல்லது 13 அங்குல விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. டயரில் டிரெய்லருக்கே உரிய எஸ்டி முத்திரை இருக்க வேண்டும். அதன் பக்கச்சுவர் காரின் டயரைவிட விறைப்பானது. அந்த முத்திரை கொண்ட டயர்களில், வேறு வேகக் குறி இல்லாதவற்றுக்கு 105 கிலோமீட்டரே உச்ச வேகம். பேரிங்குகளை 12 மாதங்களுக்கு ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். மாற்று டயர் ஒன்று கட்டாயம். பல டிரெய்லர்கள் அது இல்லாமலேயே விற்கப்படுகின்றன. வழியில் உள்ள சிற்றூர்க் கடையில் அந்த அளவு கிடைக்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது.

அதிர்வு தாங்குவதற்கு லீஃப் ஸ்பிரிங் அல்லது அச்சுக் குழாய்க்குள் ரப்பர் அடைத்த டார்ஷன் அமைப்பு இருக்கும். ஸ்பிரிங் மலிவு, எந்தப் பட்டறையிலும் மாற்றலாம். டார்ஷன் அமைப்பில் தளம் தாழ்வாக வரும், காலி ஓட்டத்தில் குதிப்பும் குறைவு. உள்ளே ரப்பர் கெட்டால் முழு அச்சையும் மாற்ற வேண்டும். சட்டத்துக்குப் பெயின்ட் அடித்த இரும்பைவிடத் துத்தநாகம் பூசிய இரும்பு நல்லது. குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களில் இந்த வேறுபாடு சில ஆண்டுகளிலேயே கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் எடையையும் மிச்சப்படுத்தும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

அமெரிக்கப் புறநகர்க் குடியிருப்புகள் பலவற்றில் வீட்டு முன்றிலில் டிரெய்லரை நிறுத்தவிடாமல் உரிமையாளர் சங்க விதிகள் தடுக்கின்றன. கராஜுக்குள் கார் போக எஞ்சும் இடம் ஒரு சுவரோரம்தான். இதற்காகவே மடக்கி நேர்குத்தாக நிறுத்தும் டிரெய்லர்கள் வந்தன. கென்டன் நிறுவனத்தின் வகை இதில் பெயர் பெற்றது. சிறு உருளைகள் மேல் நின்று சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒருவரே தூக்கி நிமிர்த்த முடிகிறதா என்பதைக் கடையில் கையால் செய்து பார்த்துவிட வேண்டும். பெட்டியில் பாகங்களாக வந்து வீட்டில் பூட்டுகிற மலிவு வகைகளும் மடங்கும். அவற்றின் போல்ட்டுகளை முதல் பயணத்துக்குப் பிறகு ஒருமுறை இறுக்கியே ஆக வேண்டும்.

சிறிய டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டுவது எளிது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மை இதற்கு நேர்மாறு. கொக்கிக்கும் அச்சுக்கும் இடைவெளி குறையக் குறைய, ஸ்டீயரிங்கின் சின்ன அசைவுக்கும் டிரெய்லர் சட்டென்று திரும்பி மடங்கும். காலியாக இருக்கும்போது கண்ணாடியில் அது தெரியவே தெரியாது. இரு மூலைகளிலும் உயரமான கம்பு ஒன்றைச் செருகிவைப்பது பழகியவர்களின் வழக்கம். இழுவைக் கம்பம் சற்று நீளமான வகை கிடைத்தால் அதையே எடுப்பது நல்லது. ஓட்டத்தின்போதும் அது நிதானமாக வரும்.

மூடிய பெட்டி டிரெய்லர் மழையிலிருந்தும் திருட்டிலிருந்தும் பைக்கைக் காக்கும். எடையும் காற்றுத் தடையும் கூடுவதால் சிறிய கார்களுக்கு அது ஒத்துவராது. பிக்கப் வைத்திருப்போருக்கே பொருந்தும்.

பைக் கீழே விழுவது பெரும்பாலும் ஏற்றும் வேளையில்தான். தளம் அரை மீட்டர் உயரம், ரேம்ப் 1.8 மீட்டர் நீளம் என்றால் சரிவு ஏறத்தாழ 16 பாகை. தாழ்வான க்ரூஸர் பைக்குகளின் அடிவயிறு ரேம்பும் தளமும் சேரும் முனையில் இடித்து, முன்சக்கரம் மேலேயும் பின்சக்கரம் சரிவிலுமாகச் சிக்கிக்கொள்ளும். நீளமான ரேம்ப், வளைந்த ரேம்ப், அல்லது தளமே தரைவரை சாய்கிற வகை இதற்குத் தீர்வு. ஓரடி அகல ஒற்றை ரேம்பில் பைக் ஏறும். தள்ளுகிறவர் கால் வைக்க இடமிருக்காது. தளம் எட்டும் தறுவாயில் அவர் கீழே நின்றபடி தலைக்கு மேலே கையை நீட்ட வேண்டி வரும், பைக் மறுபக்கம் சாயும். அகல ரேம்ப் இல்லாவிட்டால் பக்கத்தில் இன்னொரு பலகையாவது வேண்டும். ரேம்பின் மேல்முனையைச் சங்கிலியாலோ ஊசியாலோ தளத்தோடு பூட்ட முடிய வேண்டும். பின்சக்கரம் உதைக்கும்போது ரேம்ப் பின்னோக்கி நழுவுவது அடிக்கடி நடப்பது.

கட்டுவதற்கு நான்கு பட்டை, நான்கு வளையம். முன்பட்டை இரண்டும் ஃபோர்க்கின் கீழ்ப் பிணைப்பிலிருந்து முன்னோக்கியும் வெளிநோக்கியும் இறங்க வேண்டும். கைப்பிடி நுனியில் மாட்டினால் கைப்பிடி வளையும், பட்டை நழுவும். ஃபோர்க் அதன் ஓட்டத்தில் பாதி அமுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். பக்க ஸ்டாண்டைப் போட்டுக் கட்டக் கூடாது. ஒவ்வொரு குலுக்கலிலும் முழு எடையும் அந்த ஒற்றைக் கம்பியில் இறங்கும். பட்டைகளின் இழுப்பு முழுவதையும் தாங்குவது வளையங்கள். ஆகையால் டிரெய்லர் வாங்கும்போது அவை சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டவையா, மரப்பலகையில் திருகப்பட்டவையா என்று குனிந்து பார்க்க வேண்டும். புறப்பட்டு இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பட்டைகளைச் சரிபார்ப்பதும் அவசியம்.

சட்டங்கள் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோ வரையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் தேவையில்லை. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கம்பத்துக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி விட்டுப்போனாலும் கம்பம் தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும்.

பழைய டிரெய்லர் வாங்குவோர் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும்; பேரிங் கெட்டிருந்தால் அரைக்கும் சத்தம் கேட்கும். டயரின் பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துக்களை அடுத்து வரும் தொடரின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்திலேயே வெடிப்புவிட்டுச் சாவதுதான் அதிகம் என்பதால், ஐந்தாறு வயதைக் கடந்ததை அதன் பட்டன்கள் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். சட்டத்தில் பொறித்த அடையாள எண்ணும் விற்பவர் தரும் ஆவணத்தின் எண்ணும் ஒன்றுதானா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண் பொருந்தாத டிரெய்லரைப் புதிய உரிமையாளர் பெயரில் பதிவு செய்வது பெரும்பாடு.