யாருக்கு எத்தனை பங்கு? காலநிலைக் கூட்டாய்வுகளும் எண்ணூரும்

காசிமேட்டில் கரைக்கு வந்த படகில் கணக்குப் பார்ப்பதை ஒருமுறை நின்று கவனியுங்கள். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு போடுவார்கள். ஆளுக்குப் பங்கு உண்டு, படகுக்கு உண்டு. சின்னப் படகுகளில் இன்ஜினுக்கும் வலைக்கும்கூடத் தனித்தனியாக உண்டு. சண்டை வராமலில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு என்பது கடலுக்குப் போகும் முன்பே எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழக அறிக்கைகளில் 'பார்ட்னர்ஷிப்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வருகிறது.

காலநிலை பற்றிப் பல நாட்டுக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து ஆய்வது இன்று தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. சென்னை ஐஐடியில் 2010இல் தொடங்கிய இந்திய–ஜெர்மன் நிலைத்தன்மை மையம் ஓர் உதாரணம். இத்தகைய கூட்டுகளில் உற்பத்தியாகும் அறிவு கட்டுரையோடு நின்றுவிடுவதில்லை. அது அளவுகோலாகிறது, அளவுகோல் கொள்கையாகிறது, கொள்கை, கடனாகவும் முதலீடாகவும் ஊருக்குள் வருகிறது. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்துகொள்வதாக ஃபூக்கோ சொன்னதை நாம் கோட்பாடாக வாசித்தோம். இங்கே அது ஒரு கணக்குத் தாளில் நடக்கிறது.

கணக்குத் தாள் என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவிலுள்ள உலக வள ஆய்வு நிறுவனம் ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட 1990–91 அறிக்கை, புவி வெப்பமாதலுக்குக் காரணமான நாடுகளின் முன்வரிசையில் இந்தியாவையும் வைத்தது. நெல்வயலிலிருந்து வரும் மீதேனும் அமெரிக்கக் காரின் புகையும் அதில் ஒரே கூட்டலில் சேர்ந்தன. இதற்கு 1991இல் தில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய மறுப்பு முக்கியமானது. பிழைப்புக்காக வெளியேறும் வாயுவையும் சொகுசுக்காக வெளியேறும் வாயுவையும் ஒன்றாக்காதே, தலைக்கு எவ்வளவு என்று பார் என்றார்கள் அவர்கள். வடக்கு நாடுகள், தெற்கு நாடுகள் என்ற சொல்லாடலுக்கு அந்தச் சிறு நூல் ஒரு கூர்மை தந்தது.

சரி, இந்த வாதத்தை எண்ணூருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? சென்னையில் திசை தலைகீழ். இங்கே வடக்குதான் தெற்கு. ராயபுரத்தைத் தாண்டித் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று போகப்போக நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் வைத்திருக்கும் புழக்கடை தெரிகிறது. நிலக்கரி, உரம், சுத்திகரிப்பு ஆலை, சாம்பல். தலைக்கு இவ்வளவு என்று இந்தியாவுக்குச் சராசரி போட்டுத் தில்லி நியாயம் கேட்கும்போது, அந்தச் சராசரிக்குள்ளே குளிரூட்டிய தென்சென்னை வீடும் செப்பாக்கத்தின் சாம்பல் குளத்தருகே இருக்கும் வீடும் ஒன்றாகிவிடுகின்றன. எந்தத் தந்திரத்தை உலக அளவில் எதிர்த்தோமோ அதையே உள்ளூரில் நாமும் செய்கிறோம்.

அதே உலக வள ஆய்வு நிறுவனம், சி40 எனும் பெருநகரக் கூட்டமைப்பு முதலியவற்றுடன் சேர்ந்து 2014இல் நகரங்களுக்கான உமிழ்வுக் கணக்கு முறையை வெளியிட்டது. இப்போது அலகு நாடு இல்லை, நகரம். சி40 துணையுடன் சென்னை மாநகராட்சி தயாரித்த காலநிலைச் செயல்திட்டம் 2023இல் வந்தது. 2050க்குள் கரிமச் சமநிலை என்பது இலக்கு. அதன் வரைவை 2022இல் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தபோது முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே வைத்தார்கள். கண்டனம் எழுந்த பிறகுதான் தமிழில் வந்தது. மொழியை விடுங்கள், எல்லையைப் பாருங்கள். மாநகராட்சியின் எல்லை எண்ணூரோடு முடிகிறது. வடசென்னை அனல்மின் நிலையம் அதற்கு அப்பால், திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டில். மின்சாரம் நகரத்தின் கணக்கில் நுகர்வாக வரும். சாம்பல் வராது, அது கொசஸ்தலை ஆற்றுக்குப் போகும்.

'காலநிலை' என்ற சொல்லே சில சமயம் ஆளைத் தப்பவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம்வரை படிந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சிபிசிஎல்லைச் சுட்டியது. புயலைக் காலநிலை மாற்றத்தோடு சேர்த்துப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். எண்ணெய்க்கு முகவரி இருக்கிறது. 'பாதிப்புக்குள்ளாகும் கடலோரச் சமூகம்' என்று எழுதும்போது வினை செயப்பாட்டுத் தன்மை பெற்று எழுவாய் காணாமல் போகிறது.

உலக வணிகத்தின் பங்கும் இப்படித்தான் மறைகிறது. ஆற்றுப் படுகையில் இப்போது காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் தென்னமெரிக்க மட்டி கம்பளம்போலப் பரவியிருக்கிறது. கப்பல்கள் எடைக்காக நிரப்பிவரும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அது மூடிய இடத்தில் இறால் புதையாது, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு ஓடு கையைக் கிழிக்கும். சரக்குக்கு வரி உண்டு, இதற்கு ரசீதே இல்லை.

இதையெல்லாம் வைத்து வெளிநாட்டு ஆய்வே வேண்டாம் என்பது சோம்பேறித்தனமான தேசியம். கன உலோகத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணூர்ச் சாம்பல் வழக்கில் 2022 ஜூலையில் வந்த பசுமைத் தீர்ப்பாயத் தீர்ப்புக்கு மீனவர் தொடுத்த மனுவும் வேண்டியிருந்தது, நிபுணர் குழுவின் அளவீடுகளும் வேண்டியிருந்தன. பேச்சு பங்கைப் பற்றியது. மாதிரி எடுக்கும் முன்பே, படகில் பேசுவதுபோல, முடிவு எந்த மொழியில் எப்போது வரும், அதை நீதிமன்றத்தில் காட்டக் குப்பத்துக்கு உரிமை உண்டா, எல்லைக்கோட்டை யார் போடுவது என்று பேசிக்கொள்ளலாம். இதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. நோட்டுப் புத்தகத்தோடு குப்பத்துக்குப் போகிற யாரையும் பார்த்து ஆற்றோரத்தில் இப்போதும் கேட்கிறார்கள்: "தண்ணிய பாட்டில்ல புடிச்சினு போனீங்களே, இன்னா சார் ஆச்சு?"