வெளிச்சம் தரும் சிவப்பு

பூச்சி தின்னும் குடுவைச் செடி வீட்டுக்கு வந்ததும் வெளுத்துப் போவது ஏன்?

நர்சரியில் அரக்குச் சிவப்பில் தொங்கும் குடுவைகளைப் பார்த்து மயங்கி வாங்குகிறார்கள். சில மாதங்கள் கழித்து வரும் புதுக் குடுவைகளோ வெளிர் பச்சை. ஏமாற்றிவிட்டான் என்று சிலருக்கு நர்சரிக்காரர் மேல் கோபம். சத்துக் குறைவு என்று நினைத்துத் தொட்டியில் உரம் கொட்டுபவர்களும் உண்டு. சத்தில்லாத மண்ணுக்குப் பழகிய வேர் அதில் கருகிவிடும். உண்மையான காரணம் பெரும்பாலும் வரவேற்பறையின் மங்கிய வெளிச்சம்தான்.

சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. மாந்துளிரிலும் நாவல் பழத்திலும் இருப்பது இதே வகைதான். பச்சையத்தால் சமாளிக்க முடியாத அளவுக்கு வெயில் விழும்போது செடி இதைக் குடையாக விரித்துக்கொள்கிறது. நீல ஒளியும் புற ஊதாக் கதிரும் இதன் உற்பத்தியைத் தூண்டுகின்றன. நிறமியின் மூலக்கூறில் சர்க்கரையும் உண்டு; அதைத் தயாரிக்கவும் ஒளி வேண்டும். நிழலில் குடையும் தேவையில்லை, அதற்கான முதலும் இல்லை. நிழல் இன்னும் கூடினால் இலை நீளுமே தவிர, குடுவையே வராது.

குடுவையின் தோற்றம் வெறும் அலங்காரம் அல்ல. கேரளத்தில் பாலோட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், புற ஊதா ஒளியில் குடுவையின் விளிம்பு நீலமாக ஒளிர்வதை 2013இல் வெளியிட்டார்கள். அந்த ஒளிர்வை மறைத்தபோது விழும் பூச்சிகள் வெகுவாகக் குறைந்தன.

வீட்டில் சிவப்பை மீட்பது கடினமல்ல. காலை வெயில் படும் கிழக்குப் பால்கனி போதும். ஆனால் ஒரே நாளில் வெயிலுக்குத் தள்ளினால் இலை வெந்துவிடும்; இரண்டு வாரங்களில் படிப்படியாகப் பழக்க வேண்டும். முற்றிய பழைய குடுவை அவ்வளவாக மாறாது. பலன் அடுத்த குடுவையில்தான் தெரியும். எல்.ஈ.டி. விளக்கில் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஊதா நிற 'க்ரோ லைட்' கண்ணை ஏமாற்றும். அதன் கீழ் பச்சையும் கருத்துத் தெரியும். நிறத்தை வெள்ளை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். சிவப்பு எப்போதும் ஆரோக்கியத்தின் அறிகுறியும் அல்ல. இலை முழுவதும் சிவந்து, புது இலை சிறுத்தால், வெயில் அதிகம் என்று பொருள். எவ்வளவு வெயிலிலும் பச்சையாகவே இருக்கும் ரகங்களும் உண்டு.

நகர நர்சரிகளில் பரவலாகக் கிடைக்கும் 'வென்ட்ரேட்டா', பிலிப்பைன்ஸ் இனங்களின் கலப்பு. இந்தியாவின் ஒரே நெப்பந்தஸ் இனமான காசியானா மேகாலயத்துக்கே உரியது. காரோ மக்கள் அதை 'மேமாங் கோக்சி', அதாவது பேய்க்கூடை என்கிறார்கள். அழியும் ஆபத்தில் உள்ள இனம் அது. காட்டிலிருந்து பறிப்பதையும், உரிமம் இல்லாமல் வளர்ப்பதையும் விற்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பாலோடு நிறுவனத்தார் திசு வளர்ப்பில் அதைப் பெருக்கும் முறையை 1994இலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

மலைச் செடிதான் நன்றாகச் சிவக்கும் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டியதில்லை. வேரோடு பிடுங்கி வந்த செடியும் இருட்டு மூலையில் பச்சையாகத்தான் போகும். மலையில் ஒரு செடி குறைந்ததுதான் மிச்சம்.