மாமல்லபுரம் வரை வராத கேபர்னே

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் முகத்தருகே இருக்கும் சிற்றூர் வசவசமுத்திரம். 1970-ஐ ஒட்டித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியபோது உறைகிணறுகள் வெளிப்பட்டன, செங்கல் கட்டுமானம் வெளிப்பட்டது. கூடவே, அடிப்புறம் கூராக முடியும் அயல்நாட்டு ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா எனப்படும் அந்த வகை ஜாடிகளில்தான் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயினும் எண்ணெயும் கப்பலேறி வந்தன.

இதே கடற்கரையில் இன்னும் தெற்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா ஓடுகளை அமெரிக்க அறிஞர் எலிசபெத் லைடிங் வில் ஆராய்ந்தார். பாதிக்கு மேல் ஒயின் ஜாடிகள் என்பது அவர் முடிவு. அவற்றிலும் கிரேக்கத் தீவான காஸ் பாணி ஜாடிகள் அதிகம். காஸ் ஒயினின் தனித்தன்மை, அதில் கடல்நீர் கலப்பார்கள் என்பது. ரோமானியரான கேட்டோ தன் வேளாண்மை நூலில் அதற்குச் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் உணவகத்தில் சண்டைதான் வரும்! இத்தாலியின் வெசூவியஸ் எரிமலைப் பகுதி ஜாடிகளை, களிமண்ணில் கலந்திருக்கும் கறுப்பு மணலை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். மண் ஊரைச் சொல்லிவிடுகிறது. பிழிந்தவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் தெரிவதில்லை.

யார் செய்தது என்ற அந்தக் கேள்விக்குத்தான் இன்றைய சிறு உற்பத்தி ஒயின்கள் பதில் சொல்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் மதுப் பட்டியலில் கேபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் தென்படுவது இப்போது அதிசயமில்லை. பெரும்பாலும் அது பெரிய ஆலைச் சரக்காகவே இருக்கும். சின்ன ஆலை என்றால் எவ்வளவு சின்னது? வழக்கமான ஓக் பீப்பாயில் 225 லிட்டர் பிடிக்கும். அதாவது 300 புட்டிகள், பெட்டிக் கணக்கில் 25. பத்துப் பீப்பாய் வைத்திருப்பவர் ஆண்டுக்கு மூவாயிரம் புட்டி தருகிறார், அவ்வளவுதான். ஒரு பீப்பாய் கெட்டால் பத்தில் ஒரு பங்கு போச்சு. அதனால் ஒவ்வொன்றையும் அவரே திறந்து, சுவைத்து, எதை எதோடு கலப்பது என்று முடிவு செய்கிறார். நல்லதோ கெட்டதோ, அந்தக் கை புட்டியில் தெரியும்.

கேபர்னே அப்படித் தனிக் கவனிப்பைக் கேட்கும் திராட்சை. பழம் சிறியது, தோல் தடித்தது, விதை பெரியது. ஆகவே நிறமும் துவர்ப்பும் அதிகம். சரியாகப் பழுக்காமல் பறித்தால் பச்சைக் குடமிளகாய் வாசம் தூக்கலாக அடிக்கும். இதன் பூர்வீகம் தென்மேற்குப் பிரான்ஸ். கேபர்னே பிராங்க் என்ற கறுப்புத் திராட்சையும் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் தற்செயலாகக் கலந்து பிறந்தது இது என்பதை, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கரோல் மெரிடித்தும் ஜான் பவர்ஸும் மரபணுச் சோதனையில் கண்டறிந்து 1997-இல் வெளியிட்டார்கள்.

தென்னிந்தியாவில் இந்தத் திராட்சையை நம்பித் துணிந்து இறங்கிய சிறு ஆலைகளில் ஒன்று கிருஷ்மா. கர்நாடகத்தின் ஹம்பி மலைப்பகுதியில் இருக்கிறது. நடத்துபவர்கள் ஹைதராபாத்தைச் சேர்ந்த கிருஷ்ண பிரசாத் சிகுருபாட்டி, உமா தம்பதியர். கிருஷ்ணாவும் உமாவும் சேர்ந்துதான் கிருஷ்மா. கணவர் கிரானூல்ஸ் இந்தியா என்ற மருந்து நிறுவனத்தின் நிறுவனர். இருவரும் ஏழு கண்டங்களிலும் மாரத்தான் ஓடியவர்கள். பாறைகள் குவிந்த, மழை குறைந்த அந்தப் பூமியில் கேபர்னேயோடு இத்தாலியின் சாஞ்சியோவேசே போன்ற வகைகளையும் நட்டார்கள். மாத்திரை தயாரிப்பில் ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இம்மியும் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒயினில் ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் இருந்தால்தான் மதிப்பு. ஒரே மனிதர் இந்த இரண்டு தொழிலையும் செய்வது வேடிக்கைதான்.

கொடி நட்டால் திராட்சை காய்க்கும். ஒயினுக்கு ஏற்ற திராட்சை காய்ப்பதுதான் கடினம். பிரான்சில் குளிர்காலம் வந்தால் இலை உதிர்ந்து கொடி தூங்கிவிடும். நம் வெயிலில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. விட்டால் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தக்காணத்து விவசாயி கத்தரிக்கோலை வைத்துப் பருவத்தை உண்டாக்குகிறார். ஏப்ரல் வாக்கில் முதல் கவாத்து. அதில் வரும் பிஞ்சுகளை நம்புவதில்லை, கிளைகள் முற்றினால் போதும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து. இதுதான் பழத்துக்கானது. பிறகு வறண்ட பகலும் குளிர்ந்த இரவுமாக நான்கைந்து மாதம். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. இரண்டு கவாத்து, ஒரே மகசூல்.

மாமல்லபுரம் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைச் செய்து பார்த்தால் என்ன ஆகும்? அக்டோபரில் வெட்டிவிட்டால் துளிரும் பூவும் வரும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஈரமான இலையில் அடிச்சாம்பல் நோய் பரவும், பூங்கொத்து அழுகும். மழைக்குப் பயந்து ஜனவரிக்குத் தள்ளினால் பழம் பழுக்கும் வேளையில் கத்தரி வெயில். சூட்டில் சர்க்கரை விறுவிறுவென ஏறும், புளிப்பு அதைவிட வேகமாக இறங்கும். கடலோர இரவும் புழுக்கம் தணியாதது. கேபர்னே இங்கே வராததற்கு மண்ணைக் குறை சொல்வதைவிட மழை நாட்காட்டியைக் குறை சொல்வதே நியாயம்.

தமிழ்நாட்டுக்கும் புகழ்பெற்ற திராட்சை உண்டு. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் வகை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டு முழுவதும் ஏதாவதொரு பந்தலில் பழம் இருக்கும். மணமும் இனிப்புமாக அது தனி ருசி. கேபர்னேயின் துவர்ப்பை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சென்னைப் பக்கத்திலிருந்து கேபர்னேயைத் தேடிப் போகிறவருக்கு அருகில் இருப்பது பெங்களூரை அடுத்த நந்தி மலையடிவாரம். கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர், ஷாம்பெயின் நிபுணர் ஜார்ஜ் வெசெல் துணையோடு பிரெஞ்சு வகைகளைச் சோதித்து, 1988-இல் தொட்டபள்ளாபுரம் அருகே, சுமார் 3,000 அடி உயரத்தில் தோட்டம் தொடங்கினார். 1990-களின் நடுவில் பிரான்சின் போர்தோ பகுதி ஒயின் நிபுணர் மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். இங்கே கேபர்னேயும் ஷிராஸ் திராட்சையும் கலந்து செய்த லா ரிசர்வ் ஒயினை 2005-இல் பிரிட்டனின் டெகாண்டர் இதழில் பாராட்டியவர் ஸ்டீவன் ஸ்பரியர். அவரை ஒயின் உலகம் மறக்காது. 1976 மே 24 அன்று பாரிசில் பிரெஞ்சு நடுவர்களைக் கூட்டி, பிரெஞ்சு, கலிபோர்னிய ஒயின்களைப் பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்தவர் அவர்தான். சிவப்பு ஒயினில் அன்று முதலிடம் பிடித்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 கேபர்னே. அதைச் செய்த வாரன் வினியார்ஸ்கி அதற்குமுன் சிகாகோவில் ஆசிரியர் வேலை பார்த்தவர். ஒயினில் பரம்பரைப் பெயர் எதுவும் இல்லாதவர்.

ஸ்டாக்ஸ் லீப் இருக்கும் அதே நாப்பா பள்ளத்தாக்கில், கர்நாடக விவசாயக் குடும்பத்தில் பிறந்து ஹூஸ்டனில் இதய மருத்துவரான மாதய்யா ரெவானாவும் சின்னத் தோட்டம் ஒன்று வைத்திருக்கிறார். செயிண்ட் ஹெலினா ஊரில் இருக்கும் அந்தத் தோட்டத்தில் கேபர்னேதான் பிரதானம். அவர் செய்த புத்திசாலித்தனம், தொடக்க ஆண்டுகளில் ஹைடி பாரெட்டை ஒயின் தயாரிப்பாளராக அமர்த்தியது. ஸ்கிரீமிங் ஈகிள் என்ற கிடைத்தற்கரிய கேபர்னேயைச் செய்து பெயர் பெற்றவர் ஹைடி. நாப்பாவில் சேகரிப்போர் தோட்டக்காரரின் பெயரோடு நிறுத்துவதில்லை, பீப்பாயைப் பார்த்துக்கொண்டவர் பெயரையும் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள்.

இந்தியாவில் அந்த விசாரணைக்கே வழி குறைவு. மது மாநில அரசுகளின் அதிகாரத்தில் இருப்பது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு லேபிளுக்கும் தனிப் பதிவு, தனிக் கட்டணம். தமிழ்நாட்டில் 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்திடம் மொத்த விற்பனையோடு 2003 முதல் சில்லறை விற்பனையும் இருக்கிறது. சில நூறு பெட்டி மட்டுமே செய்கிறவருக்கு இந்தச் செலவு கட்டுப்படியாவது கடினம். அவர் பெங்களூரோடும் மும்பையோடும் நின்றுகொள்வார். ஆகவே செங்கல்பட்டுக்காரருக்கு எளிய வழி, தோட்டத்துக்கே போவது. நந்தி மலையடிவாரத்தில் பார்வையாளர்களுக்கு ஆலையைச் சுற்றிக்காட்டி, சுவைக்கவும் கொடுக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் போனால் பறிப்பும் பிழிவும் நடந்துகொண்டிருக்கும். திரும்பும்போது புட்டி வாங்கிவர நினைப்பவர், மாநில எல்லையைத் தாண்ட எவ்வளவு அனுமதி என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.