வெள்ளைப் பிரம்பும் மலையகத்தின் பாதைகளும்

ஆண்டுதோறும் ஒக்டோபர் 15ஆம் திகதி சர்வதேச வெள்ளைப் பிரம்பு தினம் அனுஷ்டிக்கப்படுகின்றது. 1964ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் பிரகடனப்படுத்திய இத்தினம் இன்று எமது நாட்டிலும் நினைவுகூரப்படுகின்றது. ஊர்வலம், கூட்டம், பிரம்பு அன்பளிப்பு என்பவற்றுடன் அன்றைய நிகழ்வுகள் பெரும்பாலும் நிறைவெய்தி விடுகின்றன. ஆயினும் பிரம்பைக் கையளிப்பது வேறு. அதனைக் கொண்டு தனித்து நடக்கப் பயிற்றுவிப்பது வேறு. விழிப்புலனற்ற மாணவர்களுக்கான வெள்ளைப் பிரம்பு நடமாட்டத் திறன் போட்டிகள் இந்த வேறுபாட்டையே உணர்த்துகின்றன.

1921ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் விபத்தொன்றினால் பார்வையை இழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர், வாகன சாரதிகளின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத் தமது கைத்தடிக்கு வெள்ளை நிறம் பூசினார். அன்று அது பிறருக்கான ஓர் அடையாளம் மாத்திரமே. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த படையினருக்குப் பயிற்சியளித்த ரிச்சர்ட் ஹூவர் என்ற அமெரிக்கரே பிரம்பை நீளமாக்கி, அதனை நிலத்தை அறியும் கருவியாக்கினார். இடது கால் முன்செல்லும்போது பிரம்பின் நுனி வலப்புறத்தைத் தொடும். வலது கால் செல்லும்போது இடப்புறத்தைத் தொடும். அடுத்த அடி விழவேண்டிய இடம் இவ்வாறு முன்கூட்டியே சோதிக்கப்படுகின்றது.

இத்திறனையே போட்டிகள் அளவிடுகின்றன. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள பிரெயில் நிறுவனம் 2009ஆம் ஆண்டு ஆரம்பித்த 'கேன் குவெஸ்ட்' போட்டியில், பிள்ளைகள் மைதானத்திலன்றி உண்மையான வீதிகளிலேயே குறித்த வழியைக் கண்டறிந்து செல்ல வேண்டியிருந்தது. இத்தகைய போட்டியில் வேகத்திலும் பார்க்கப் பாதுகாப்பும் நிதானமுமே முதன்மையானவை.

இவ்விடத்தில் நோர்வூட் போன்ற தோட்டப் பிரதேசங்களை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஹட்டனிலிருந்து வரும் வீதி மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பிரியும் இந்நகரைச் சூழ்ந்த தோட்டங்களில், லயன் அறையிலிருந்து பிரதான வீதியை அடைவதற்கே செங்குத்தான படிகளையும் திறந்த கான்களையும் மழையில் வழுக்கும் மண் பாதைகளையும் கடக்க வேண்டியுள்ளது. 1912ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட இரத்மலானைப் பாடசாலையும் கைதடி நுபீல்ட் பாடசாலையும் விழிப்புலனற்ற சிறார்களுக்கு ஆற்றியுள்ள பணி பெரிது. எனினும் சமதரையில் பெற்ற பயிற்சி, ஒன்றுக்கொன்று உயரம் மாறுபடும் தோட்டத்துப் படிகளில் அப்படியே கைகொடுக்காது. விழுந்துவிடுமே என்ற அச்சத்தினால் பெற்றோர் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பின், அவர்களை நாம் குறைகூறவும் இயலாது. ஆனால் அந்த அன்பே பிள்ளையின் கல்விக்கும் தொழிலுக்கும் தடையாகிவிடுகின்றது.

எனவே நடமாட்டப் பயிற்சி தமிழ்மொழியில், பிள்ளை வாழும் தோட்டத்துப் பாதையிலேயே வழங்கப்பட வேண்டும். நோர்வூட்டில் அத்தகைய பயிற்சியின் நிறைவாக, பஸ் தரிப்பிடத்திலிருந்து தபாலகம் வரையிலான வழியில் ஒரு போட்டியை நடத்தினால் அது இரு பரீட்சைகளாக அமையும். ஒரு பிள்ளை தடுமாறினால் அப்பிள்ளைக்கு மேலும் பயிற்சி தேவை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் தடுமாறினால் தவறு பாதையில் உள்ளது. மூடப்படாத கானும் நடைபாதையை மறித்து வைக்கப்பட்ட கடைப் பொருட்களும் அப்போது எவரது கண்ணுக்கும் தப்பா.

வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்நாட்டில் 1996ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களை அவர்கள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாகின. தனிநபர் நடமாட்டத்தை உரிமையாக ஏற்கும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் அங்கீகரித்தது. சட்டங்களுக்குக் குறைவில்லை, அவை தோட்டத்துப் படிக்கட்டு வரை இறங்கி வரவில்லை என்பதே குறை. பிரதேச சபையும் கல்வித் திணைக்களமும் தோட்ட நிர்வாகங்களும் இதில் ஒன்றிணைய வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். வெள்ளைப் பிரம்பைக் கண்டதும் வாகனத்தை நிறுத்தி வழிவிடுவது ஒவ்வொரு சாரதியினதும் கடமையாகும். அப்பிள்ளைகள் எதிர்பார்ப்பது அனுதாபத்தையல்ல, அச்சமின்றி நடக்கக்கூடிய பாதையையே.